அமிர்தகழியில் ஒரு றலி சைக்கிள்: பாகங்களை மாற்றுவதா, விடுவதா?

கடந்த ஆண்டு ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்காக எனது அக்காவின் மகன் ரொறன்ரோவிலிருந்து வந்திருந்தான். மாமாங்கேஸ்வரர் ஆலயத் திருவிழாவுக்கு வருவதாகச் சொல்லித்தான் வந்தான். ஆனால் வந்த மூன்றாம் நாளே அவனது கவனம் எங்கள் வீட்டு விறாந்தையில் சாத்தியிருந்த சைக்கிளின் மீது சென்றுவிட்டது. அது அவனுடைய தாத்தாவின், அதாவது எனது தந்தையாரின், றலி சைக்கிள். 1964 ஆம் ஆண்டு வாங்கப்பட்டது. தந்தையார் மறைந்தபின் இன்றுவரை நான்தான் ஓட்டி வருகிறேன்.

மருமகன் கனடாவில் சைக்கிளோட்டத்தில் மிகுந்த ஈடுபாடு கொண்டவன். வார இறுதிகளில் நூறு கிலோமீற்றர் ஓடுபவன். அவன் வண்டியைத் தூக்கிப் பார்த்தான். சில்லைச் சுழற்றிப் பார்த்தான். பின்பு என்னிடம் சொன்னான்:

"மாமா, சட்டம் நல்ல உருக்கு. பழைய சாமான்களைக் கழற்றிப் போட்டு, கியர், அலுமினிய றிம், புதுப் பிறேக் எல்லாம் நான் அனுப்பிவிடுகிறேன். உங்கள் முழங்காலுக்கும் நல்லது."

முழங்கால் விடயம் உண்மை. சென்ற இரண்டு ஆண்டுகளாக வலது முழங்காலில் தேய்வு. சைக்கிளை விட வேண்டும், அல்லது மிதிக்கும் பாரத்தைக் குறைக்க வேண்டும் என்று மருத்துவர் கூறியிருந்தார். ஐம்பதுகளின் பிற்பகுதியில் நிற்கும் ஒரு பத்திரிகையாளனுக்கு மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கிக்கொள்வது பெரிய காரியமில்லை. ஆனால் சைக்கிளை விடுவதற்கு எனக்கு மனமில்லை. ஆகவே மருமகனின் கேள்வி வெறும் அலங்காரக் கேள்வியாக இருக்கவில்லை. முடிவெடுப்பதற்கு எனக்கு மூன்று மாதங்கள் பிடித்தன. அந்த மூன்று மாதங்களில் நான் படித்தவற்றையும், நினைவுக்கு வந்தவற்றையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அமிர்தகழியை அறியாத வாசகர்களுக்காக ஒரு சிறு குறிப்பு. மட்டக்களப்பு நகருக்கு அண்மையில், வாவிக்கரையை ஒட்டி அமைந்த பழமையான கிராமம் இது. இங்கிருந்து பாலமீன்மடு வெளிச்சவீடு வரை சைக்கிளில் எளிதாகப் போய்வரலாம். வழியில் மேடென்று சொல்ல ஒன்றுமில்லை. எங்கும் மணலும் உப்புக்காற்றும்தான். ஆடி மாதத்தில் கச்சான் காற்று எதிரே அடித்தால் மட்டும் சமதரை மலையாகிவிடும். இத்தகைய நிலத்தில் ஓடும் ஒரு வண்டிக்கு எது தேவை, எது தேவையில்லை என்பதுதான் கேள்வி.

முதலில் றலியின் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம். இன்று நாம் காணும் சைக்கிளின் உருவம் 1885 இல் ஜோன் கெம்ப் ஸ்டார்லி என்ற ஆங்கிலேயர் வெளியிட்ட 'றோவர்' வண்டியோடு நிலைபெற்றது. இரு சில்லுகளும் ஏறக்குறைய ஒரே அளவு. செயின் பின்சில்லைச் சுழற்றும். 1888 இல் ஜோன் பொய்ட் டன்லொப் காற்றடைத்த ரயரைக் கொண்டுவந்தார். அதே காலத்தில் நொட்டிங்ஹாம் நகரின் றலி வீதியில் இயங்கிய ஒரு சிறு பட்டறையை பிராங்க் பவுடன் என்ற செல்வந்தர் வாங்கி விரிவுபடுத்தினார். வீதியின் பெயரே வண்டியின் பெயராயிற்று. பிற்காலத்தில் ஹம்பர், றட்ஜ் போன்ற புகழ்பெற்ற பெயர்களையும் றலி நிறுவனம் தன்னுள் வாங்கிக்கொண்டது. பிரித்தானியப் பேரரசு சென்ற இடமெல்லாம் அந்த வண்டிகளும் சென்றன. எங்கள் ஊரில் தபால்காரரும், ஆசிரியரும், கிராமத் தலைவரும் ஏறிச்சென்ற வண்டிகள் அவைதாம்.

அந்த வண்டிகள் ஓட்டப் பந்தயத்துக்காக உருவாக்கப்பட்டவை அல்ல. செப்பனிடப்படாத வீதியில், வேட்டியோ நீளக்காற்சட்டையோ அணிந்த ஒருவர், நிமிர்ந்திருந்து, மழையிலும் வெயிலிலும் பல ஆண்டுகள் ஓடுவதற்காக உருவாக்கப்பட்டவை. 28 அங்குலச் சில்லு, தடித்த உருக்கு றிம், செயினை முற்றாக மூடும் கவர், கேபிள் இல்லாமல் இரும்புக் கம்பிகளால் இயங்கும் பிறேக் என ஒவ்வொன்றும் அந்த நோக்கத்துக்கே அமைந்தவை. கேபிள் பிறேக்கில் உள்ளே துரு ஏறினால் வெளியே தெரியாது, ஒருநாள் அறுந்துவிடும். கம்பிப் பிறேக்கை எங்கள் ஊர்க் கொல்லர் கூடத் திருத்திவிடுவார்.

இனி கியரின் வரலாறு. கியர் என்பது மிதிப்பவரின் பலத்துக்கும் பாதையின் எதிர்ப்புக்கும் இடையே செய்யப்படும் ஓர் உடன்பாடு. முன்னே உள்ள பெரிய பல்லுச்சக்கரத்தின் பற்களைப் பின்னே உள்ள சிறிய சக்கரத்தின் பற்களால் வகுத்தால், ஒரு மிதிக்குப் பின்சில்லு எத்தனை முறை சுற்றும் என்பது கிடைக்கும். எனது வண்டியில் முன்னே 48, பின்னே 18. ஒரு முழு மிதிக்குச் சில்லு இரண்டே முக்காலுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றி, வண்டியை ஏறக்குறைய 6 மீற்றர் தள்ளும். காற்றில்லாத நாளில் இது இனிய ஓட்டம். கச்சான் எதிரே வரும்போது இந்த 6 மீற்றர்தான் முழங்காலில் இறங்குகிறது.

1902 ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் சில்லின் குடத்துக்குள்ளேயே மூன்று வேகங்களை அடக்கும் ஸ்ரேமி ஆர்ச்சர் கியர் உருவானது. றலி நிறுவனம் அதைத் தன்னதாக்கிக்கொண்டது. வெளியே பற்களோ வளைவுகளோ தெரியாது; மணலும் உப்பும் உட்புகுவது அரிது. பிரான்சில் வேறொரு வழி பிறந்தது. போல் டி விவி என்ற சைக்கிள் பயணி, செயினை ஒரு பல்லுச்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் முறைக்காக ஆண்டுக்கணக்கில் பரிந்து எழுதினார். டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை 1903 இல் தொடக்கிய ஹென்றி டெக்ராஞ்ச் இதைக் கடுமையாக எதிர்த்தார். அவரும் ஒரு பத்திரிகையாசிரியர்தான். கியர் என்பது நாற்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்கு உரியது, வெற்றியைத் தசையால் பெறவேண்டுமே தவிரப் பொறியால் அல்ல என்ற கருத்தை அவர் எழுதினார். அந்தப் பந்தயத்தில் வீரர்கள் 1937 வரை நவீன கியர் மாற்றியைப் பயன்படுத்த முடியவில்லை. மலையடிவாரத்தில் இறங்கி, பின்சில்லைக் கழற்றித் திருப்பிப் பூட்டி, மறுபக்கத்துப் பெரிய பல்லில் செயினைப் போட்டு ஏறினார்கள். டெக்ராஞ்சின் கணக்குப்படி பார்த்தாலும் எனக்குக் கியர் பூட்டும் தகுதி எப்போதோ வந்துவிட்டது என்று மருமகனிடம் சொல்லிச் சிரித்தேன்.

1927 இல் இத்தாலியின் குரோச்சே டோனே மலைக் கணவாயில் குளிரில் விறைத்த விரல்களால் சில்லின் நட்டைக் கழற்ற முடியாமல் பந்தயத்தில் பின்தங்கிய துல்லியோ கம்பனோலோ, ஒரு நெம்பைத் திருப்பினால் சில்லு கழலும் அமைப்பை உருவாக்கினார் என்று சொல்லப்படுகிறது. ஜப்பானின் சக்காய் நகரில் 1921 இல் ஷிமானோ நிறுவனம் தொடங்கியபோது அதன் முதல் உற்பத்தி, எங்கள் ஊர்க் கடைகளில் இன்றும் விற்கும் பிறீவீல் போன்ற ஒரு பொருள்தான். 1984 இல் அதே நிறுவனம், நெம்பைத் தள்ளினால் 'டக்' என்ற ஒலியோடு சரியான பல்லில் செயின் அமரும் முறையைப் பந்தய வீரர்களுக்குக் கொண்டுவந்தது. 2009 இல் மின்சாரத்தால் கியர் மாறும் தொகுதி வந்தது.

இவையெல்லாம் முன்னேற்றங்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒவ்வொரு முன்னேற்றத்துக்கும் பின்னே ஒரு மனிதரும் ஒரு நிலமும் இருப்பதைக் கவனிக்க வேண்டும். கம்பனோலோவின் பிரச்சினை குளிர். டி விவியின் பிரச்சினை மலை. அமிர்தகழியில் இரண்டும் இல்லை.

அடுத்து, அப்பாகங்கள் எனது வண்டியில் பூட்டக்கூடியவையா என்பதைப் பார்த்தோம். மருமகன் ஓர் அளவுகோலோடு விறாந்தையில் அமர்ந்தான். அன்று மாலை நாங்கள் கண்டறிந்தவை இவை.

கம்பிப் பிறேக்கின் கட்டைகள் றிம்மின் உட்புறத்தில் அழுத்துபவை. புதுவகைப் பிறேக்குகள் றிம்மின் இரு பக்கங்களையும் கவ்வுபவை. பழைய றிம்முக்குத் தட்டையான பக்கமே இல்லை. ஆகவே பிறேக்கை மாற்றினால் றிம்மை மாற்ற வேண்டும். பழைய ஆங்கில வண்டிகளில் முன்சில்லுக்கு 32 கம்பி, பின்சில்லுக்கு 40 கம்பி. இன்று எளிதில் கிடைக்கும் றிம்கள் பெரும்பாலும் 36 துளை கொண்டவை. ஆகவே றிம்மை மாற்றினால் குடத்தையும் மாற்ற வேண்டும். கியர் மாற்றியோடு கூடிய நவீன குடம் 130 மில்லிமீற்றர் அகலம். எனது வண்டியின் பின்கவை அதைவிடக் குறுகியது. உருக்குச் சட்டமாதலால் கவையை நெம்பி அகட்டலாம். அலுமினியத்திலோ கார்பனிலோ அது ஆகாது. ஆனால் அறுபது ஆண்டு வயதான ஒட்டுக்களை அகட்டியபின் அவை எவ்வளவு காலம் நிற்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. மிதியச்சு சுழலும் கிண்ணத்தின் புரியோ இன்னும் விநோதம். மற்ற ஆங்கிலக் கம்பனிகள் அங்குலத்துக்கு 24 புரி வெட்டியபோது, றலி மட்டும் தனக்கென்று 26 புரி வெட்டியது. ஆகவே கடையில் கிடைக்கும் புதிய மிதியச்சுத் தொகுதி அதில் ஏறாது.

ஆகமொத்தம், ஒரு பாகத்தைத் தொட்டால் அது அடுத்ததைக் கேட்கிறது. எல்லாவற்றையும் மாற்றி முடித்தால் எஞ்சுவது சட்டமும், அதில் பாதி அழிந்துபோன நாரைத்தலைச் சின்னமும்தான்.

"அப்படியானால் மூன்று வேகக் குடத்தைப் போடலாமே?" என்றான் மருமகன். இது யோசிக்கத்தக்க ஆலோசனை. அந்தக் குடம் கவையை அகட்டாமலே பொருந்தும். கீழ் வேகத்தில் பாரம் நான்கில் ஒரு பங்கு குறையும். உப்புக்காற்றுக்கும் ஏற்றது. ஆனால் உள்ளே இருக்கும் சிறு பற்களில் ஒன்று உடைந்தால் மட்டக்களப்பில் அதைத் திறந்து திருத்தும் கை எனக்குத் தெரிந்து இல்லை. ஒவ்வொரு முறையும் ரொறன்ரோவுக்கு எழுத வேண்டும்.

இந்த இடத்தில்தான் எனது எண்ணம் எங்கள் பிரதேசத்தின் பழைய சைக்கிள்களை நோக்கித் திரும்பியது. எங்கள் மக்கள் சைக்கிளில் பாகங்களை மாற்றாதவர்கள் அல்லர். உண்மையில் எங்களைப் போல் மாற்றியவர்கள் குறைவு.

வாவியின் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. படுவான்கரையிலிருந்து விறகும், தயிரும், நெல்லும் சைக்கிளில்தான் நகருக்கு வந்தன. மண்முனைத் துறையில் 2014 இல் பாலம் திறக்கப்படும்வரை 'பாதை' என்று நாங்கள் அழைக்கும் மிதவையில் மனிதரும் சைக்கிளும் ஒன்றாகவே வாவியைக் கடந்தனர். விறகு வியாபாரியின் வண்டியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பின்சில்லில் தடித்த கம்பி, கவையிலிருந்து ஹாண்டில் வரை ஒட்டிய இரும்புத் தாங்கி, அகலமாக்கிய கரியர், இரட்டைக்கால் ஸ்ராண்ட். மீன் வியாபாரியின் வண்டியில் பெட்டி வைப்பதற்கென்றே வளைத்த கம்பிச் சட்டம். இவை எந்த விலைப்பட்டியலிலும் இல்லாத பாகங்கள். வேகத்துக்காக அன்றிச் சுமைக்காகச் செய்யப்பட்ட மாற்றங்கள்.

இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியிருந்த 1970 - 77 காலத்தில் தந்தையார் வெடித்த ரயரின் உட்புறத்தில் பழைய ரயர்த் துண்டை வைத்துத் தைத்து ஓட்டியது எனக்குச் சிறுவயது நினைவு. 1978 நவம்பர் 23 ஆந் திகதிச் சூறாவளி மட்டக்களப்பைப் புரட்டிப்போட்ட மறுநாள், வீதியெங்கும் தென்னைகள் விழுந்து கிடக்க, அதே வண்டியைத் தோளில் தூக்கித் தூக்கி மரங்களைக் கடந்து உறவினரைத் தேடிப் போனார். அப்போது எனக்குப் பத்து வயது. பாரமான வண்டியாயிற்றே என்று பின்னாளில் கேட்டேன். "தூக்கினதவிட அதில ஏறிப் போன தூரம் கூட" என்றார்.

போர்க்காலத்தில் பாகங்களின் பொருளே மாறியது. வடக்கில் பொருளாதாரத் தடையின்போது மின்கலம் கிடைக்காமல், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வானொலி கேட்ட கதை பலரும் அறிந்தது. மட்டக்களப்பிலும் அது இருந்தது. தொண்ணூறுகளில் இளம் செய்தியாளனாக வலையிறவுப் பாலத்தைக் கடந்து படுவான்கரைக்குள் போனபோது, ஒரு வீட்டில் ஒரு சிறுவன் மிதியைச் சுற்றச் சுற்ற, ஆறேழு பேர் வானொலியைச் சூழ்ந்திருந்து மாலைச் செய்தி கேட்டதைக் கண்டேன். சிறுவனின் கை தளர்ந்தால் செய்தி மங்கும். நான் எழுதி அனுப்பும் வரிகள் எந்த வழியால் மக்களைச் சென்றடைகின்றன என்று அன்று தெரிந்துகொண்டேன். சோதனைச் சாவடியில் எனது வண்டியின் சீற்றையும் கரியரையும் தட்டித் தட்டிப் பார்ப்பார்கள். அதில் கழற்றி ஒளிக்கக்கூடிய புதுமை எதுவும் இல்லாதிருந்தது பல நாட்களில் எனக்கு உதவியது.

இதற்கு முந்திய ஒரு நிகழ்ச்சியையும் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் இக்கட்டுரை நேர்மையாகாது.

1984 இல் எனக்கு வயது பதினாறு. நகரில் யாரோ ஒருவரிடம் ஆட்டுக்கொம்புபோல் வளைந்த ஹாண்டிலோடு பந்தய சைக்கிள் வந்திருந்தது. அதைப் பார்த்தபின் தந்தையாரின் வண்டி எனக்குக் கிழவனாகத் தோன்றியது. ஹாண்டிலை மாற்றப் பணமில்லை. பணம் செலவில்லாமல் செய்யக்கூடிய ஒரே மாற்றம் எதையாவது கழற்றுவதுதான். ஒரு சனிக்கிழமை, தந்தையார் இல்லாத நேரத்தில் செயின் கவரைக் கழற்றினேன். செயின் பளபளவென்று தெரிந்தது. வண்டி உண்மையிலேயே பந்தய வண்டிபோல் இருப்பதாக நினைத்தேன். கவரைப் பழைய இரும்பு வாங்குபவரிடம் கொடுத்து, கிடைத்த காசில் படம் பார்த்தேன்.

தந்தையார் ஆசிரியர். வெள்ளை வேட்டியோடு பாடசாலைக்குப் போகிறவர். திங்கட்கிழமை காலை, வீதி வளைவில் வேட்டிக் கரை செயினுக்குள் சிக்கியது. இடது மணிக்கட்டு முறிந்தது. இரண்டு மாதம் கட்டோடு இருந்தார். என்னை அடிக்கவில்லை, ஏசவுமில்லை. "கவர் எங்க மகன்?" என்று மட்டும் கேட்டார். இரும்புக்குப் போட்டுவிட்டேன் என்றேன். அதன் பின் காலில் ஒரு கிளிப் மாட்டிக்கொண்டு ஓட்டப் பழகினார். அந்தக் கவர் பிறகு கிடைக்கவேயில்லை. அவரது மணிக்கட்டு மழைக்காலங்களில் கடைசிவரை நொந்துகொண்டிருந்தது.

பாரம் குறைந்தது, அழகு கூடியது, ஆனால் அந்தப் பாகம் யாருக்காக அங்கே இருந்தது என்று நான் கேட்கவில்லை. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் மருமகன் "பழைய சாமான்களைக் கழற்றிப் போடுவோம்" என்று சொன்னபோது எனக்குள் எழுந்த தயக்கத்துக்கு இதுதான் காரணம். அவனிடம் அதுவரை நான் இதைச் சொன்னதில்லை. அவனது தாயாருக்குத் தெரியும்.

சைக்கிள் பாகங்களின் உலக வரலாற்றில் இலங்கைக்கும் ஒரு சிறு இடமுண்டு என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். சிக்காக்கோவில் 1987 இல் தொடங்கப்பட்ட ஸ்ராம் நிறுவனம், கைப்பிடியை முறுக்கிக் கியர் மாற்றும் பாகத்தால் வளர்ந்து, இன்று ஷிமானோவுக்கு அடுத்த பெரும் பாக உற்பத்தியாளர்களுள் ஒன்றாக விளங்குவது. அதன் நிறுவுநர்களில் ஒருவரான எப். கே. டே, 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் 'வேர்ல்ட் பைசிக்கிள் றிலீப்' என்ற அமைப்பைத் தொடங்கினார். அதன் முதற்பணி இலங்கையில்தான் நடந்தது. 24,000 க்கு மேற்பட்ட சைக்கிள்கள் இங்கே வழங்கப்பட்டன. எங்கள் நாவலடியும் கல்லடியும் அந்த அலையில் பட்ட பாட்டை வாசகர்கள் அறிவர். வீடிழந்து கரையிலிருந்து உள்ளே இடம்பெயர்ந்த மக்களுக்குத் தொழிலும் பள்ளியும் வைத்தியசாலையும் ஒரே நாளில் தூரமாகிவிட்டன. அந்தத் தூரத்தைக் குறைக்க சைக்கிளால் முடிந்தது.

அவ்வமைப்பு பின்பு ஆபிரிக்காவில் சாம்பியா முதலிய நாடுகளுக்கென உருவாக்கிய 'பஃபலோ' சைக்கிளைப் பார்த்தால் எங்கள் ஊர் விறகு வியாபாரி அதை உடனே அடையாளம் காண்பார். தடித்த கம்பி, நூறு கிலோ தாங்கும் கரியர், ஒரே வேகம், பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிறேக். உலகின் மிக நுட்பமான கியர்களைச் செய்யும் நிறுவனத்தோடு தொடர்புடையவர்கள், தேவையைக் கேட்டறிந்தபின் கியரே இல்லாத வண்டியைத் தேர்ந்தார்கள். பல ஆண்டுகள் கழித்து, 2023 இல்தான் இரண்டு வேகம் கொண்ட மாதிரி ஒன்றை வெளியிட்டார்கள். அதிலும் கேபிளோ நெம்போ கிடையாது. மிதியைச் சற்றுப் பின்னோக்கித் தள்ளினால் வேகம் மாறும். மாற்றமே கூடாது என்று அவர்கள் நினைக்கவில்லை. ஓட்டுகிறவரின் நிலத்தையும் திருத்துகிறவரின் கையையும் பார்த்து மாற்றினார்கள்.

2022 எரிபொருள் நெருக்கடியும் இதையே கற்பித்தது. அந்த ஆண்டு ஆனி, ஆடி மாதங்களில் பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசை நின்றபோது, புதிய சைக்கிளின் விலை சாதாரண குடும்பங்களுக்கு எட்டாத உயரத்துக்குப் போயிற்று. மாட்டுக்கொட்டிலிலும் கூரையிலும் கிடந்த பழைய வண்டிகளையெல்லாம் மக்கள் வெளியே எடுத்தார்கள். அப்போது முதலில் எழுந்து ஓடியவை எவை? எந்தக் கடையிலும் கிடைக்கும் செயினும், பிறீவீலும், பிறேக் கட்டையும் பொருந்தக்கூடிய கறுத்த வண்டிகள்தாம். வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பிய பல கியர்கள் கொண்ட சில அழகிய வண்டிகள், ஒரு சிறு பாகம் கிடைக்காமல் சாத்தியபடியே நின்றன.

இத்தனையும் யோசித்தபின், கார்த்திகை மாத முதல் மழைக்கு முன்பாக வண்டியை உருட்டிக்கொண்டு எனது வழக்கமான சைக்கிள் கடைக்குப் போனேன். கடைக்காரர் எழுபதைத் தாண்டியவர். தந்தையார் காலத்திலிருந்தே இந்த வண்டியை அறிந்தவர். மருமகனின் திட்டத்தை விபரித்தேன். சற்று நேரம் பின்கவையைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"கியர் பூட்டலாம் மகன். கவைய அகட்ட வேணும். மறுகா பழையபடி வராது. முழங்காலுக்குத்தானே? பெரிய பிறீவீல் ஒன்டு போட்டுப் பாருங்க."

நான் மூன்று மாதம் படித்ததன் சாரத்தை அவர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார். பின்னே 18 பல்லுக்குப் பதிலாக 22 பல்லுப் பிறீவீல். ஒரு மிதிக்கு வண்டி போகும் தூரம் 6 மீற்றரிலிருந்து 5 மீற்றருக்குச் சற்றுக் குறைவாக இறங்கும். காலில் விழும் பாரமும் ஐந்தில் ஒரு பங்குக்கு அண்மையாகக் குறையும். வேகமும் அதே அளவு குறையும். வேகமாகப் போய் நான் எதைப் பிடிக்கப் போகிறேன்? செயினில் ஓர் அங்குலம் கூட்ட வேண்டியிருந்தது. இரண்டு ரயரும் வெடித்துக் காய்ந்திருந்தபடியால் புதியவை போட்டோம். இறுகிப்போன பிறேக் கட்டைகளுக்குப் பதிலாக மென்மையான புதிய கட்டைகள். மிதியச்சுக் கிண்ணத்தைக் கழுவி, புதிய குண்டுகள் இட்டு, கிறீஸ் பூசி அப்படியே பூட்டினார். சட்டத்தில் எதுவும் அகட்டப்படவில்லை, எதுவும் வெட்டப்படவில்லை. விரும்பினால் நாளையே பழைய பல்லுக்குத் திரும்பலாம்.

கூடவே இன்னொரு பாகமும் பூட்டினேன். இந்தியத் தயாரிப்பான முழுச் செயின் கவர் ஒன்று கடையின் மேற்தட்டில் தூசி படிந்து கிடந்தது. றலிக்கென்று செய்ததல்ல, பெரிய பிறீவீலுக்கு இடங்கொடுக்கப் பின்பக்கத்தைத் தட்டி அகலமாக்க வேண்டியிருந்தது. நான் வேட்டியோடு சைக்கிளில் போகிறவனல்லன். எனக்கு அது தேவையுமில்லை. கடைக்காரர் காரணம் கேட்கவில்லை. எதற்காக என்று அவருக்குத் தெரியும்போலும்.

மருமகனுக்குத் தொலைபேசியில் இம்முடிவைச் சொன்னேன். சற்று ஏமாற்றம்தான். பின்பு கவரின் கதையையும் சொன்னேன். அவன் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு தனது வண்டியைப் பற்றிக் கேட்டான். அவனுடையது பின்னே 11 பல்லுச்சக்கரங்கள் கொண்ட ஷிமானோ 105 தொகுதியும், றிம்மைக் கவ்வும் பிறேக்கும் உள்ள கார்பன் வண்டி. 2022 இல் வந்த 12 சக்கர மின்னணு 105 தொகுதிக்கு மாற வேண்டுமென்று இரண்டு வருடமாக ஆசை. ஆனால் அந்தத் தொகுதி தட்டுப் பிறேக் வண்டிகளுக்கென்றே வந்தது. மாறுவதாயின் சட்டத்தையே மாற்ற வேண்டும். அதாவது வண்டியையே மாற்ற வேண்டும்.

"நீங்கள் என்ன சொல்கிறீர்கள் மாமா?" என்றான்.

பந்தய சைக்கிளைப் பற்றிச் சொல்ல நான் யார்? ஆனால் மூன்று கேள்விகளை அவனிடம் கேட்டேன். இப்போது உள்ள வண்டியில் நீ செய்ய விரும்பி, செய்ய முடியாமற் போகும் காரியம் எது? புதுப் பாகம் பழுதானால் உனது ஊரில் அதைத் திருத்துவது யார்? கழற்றும் பாகம் யாருக்காவது பயன்படுகிறதா?

மலையேறும்போது கடைசிப் பல் போதவில்லை என்பதுதான் முதல் கேள்விக்கு அவனது விடை. அதற்கு முழுத் தொகுதியும் தேவையில்லையாம். பின்னே பெரிய பற்கள் கொண்ட பல்லுத் தொகுதியும் புதுச் செயினும் போதுமாம். அதை அவனே சொன்னான். பல்லாயிரம் மைல் இடைவெளியில் இருவரும் ஏறக்குறைய ஒரே பாகத்தைத்தான் மாற்றியிருக்கிறோம்.

இவ்வாண்டு கச்சான் தொடங்கிவிட்டது. நேற்று மாலை பாலமீன்மடுவரை போய்வந்தேன். போகும்போது இருந்ததைவிடத் திரும்பும்போது காற்று கடுமையாக இருந்தது. இடையில் இறங்கி உருட்ட வேண்டி வரவில்லை. பாடசாலைப் பையன்கள் இருவர் என்னை எளிதாக முந்திச் சென்றார்கள்.